மலையோர மிலிட்டரி லாரிகள்: வரலாறு தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று நீளும் மலைப்பாதையில் கூப்பிலிருந்து (மரம் வெட்டும் காட்டிலிருந்து) தடி ஏற்றி இறக்கிய லாரிகளில் இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய வண்டிகளும் உண்டு. ஊரில் அவற்றுக்குப் பொதுப்பெயர் ‘மிலிட்டரி லாரி’ அல்லது, ராணுவம் கழித்து ஏலம் விட்டது என்பதால், ‘டிஸ்போசல் வண்டி’. ஒரு நாட்டில் செய்து, இன்னொரு நாட்டின் ராணுவத்தில் ஓடி, மூன்றாவதாக நம்மூர் மர வியாபாரியிடம் வந்து சேர்ந்தவை. அவற்றின் கதையைத் தேடுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய மிலிட்டரி லாரி கிடக்கிறது. உலகப் போர் வண்டிதானே?

பெரும்பாலும் இல்லை. பச்சை நிறம், பெரிய சக்கரம், முன் சக்கரத்துக்கும் விசை போகும் அமைப்பு இவற்றைப் பார்த்ததும் ‘செகண்ட் வேர்ல்டு வார்’ என்று சொல்லிவிடுகிறோம். சக்திமான் லாரி ஜெர்மனியின் மேன் கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் 1959 முதல் செய்தது. நிசான் ஒரு டன் வண்டியும் போருக்குப் பிந்தியதுதான். முகப்பில் டாடாவோடு மெர்சிடிஸ் நட்சத்திரம் இருந்தால் 1954-க்கு முன்னால் போகவே முடியாது.

அதிகம் ஏமாற்றுவது ஃபார்கோவும் டாட்ஜும். போர்க்காலத்திலும் டாட்ஜ் வண்டிகள் ராணுவத்துக்குப் போயின. ஆனால் போருக்குப் பிறகு பம்பாய் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ என்ற பெயர்களில் லாரிகளைச் செய்து நாடு முழுவதும் விற்றது. தாத்தா காலத்து ஃபார்கோ என்பதால் மட்டும் அது பர்மா போய் வந்ததாகாது.

அப்படியானால் நம் பக்கம் கிடைக்கக்கூடிய உண்மையான போர்க்கால வண்டி எது?

முதலில் தேட வேண்டியது கனடா வண்டி. சி.எம்.பி., அதாவது ‘கனடிய ராணுவ மாதிரி’ என்று பொதுவாகச் சொல்லப்படும் வகை. ஒன்டாரியோ மாநிலத்தின் விண்ட்சரில் ஃபோர்டும், ஓஷாவாவில் ஜெனரல் மோட்டார்ஸும் ஒரே அளவுகளுக்குச் செய்தவை. மூக்கு சப்பை, இன்ஜினில் பாதி கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தச் சூடு. சித்திரை மாதம் ஆரியங்காவு ஏற்றத்தில் முதல் கியரில் இதை ஓட்டியவர்கள் வேறு எந்த வண்டியையும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேபின்களில் 11, 12, 13 என மூன்று வகை உண்டு. 13-ஆம் வகையை யாரும் தவறவிட முடியாது. முன்கண்ணாடியின் அடிப்பக்கம் உள்ளே தள்ளி, மேல்பக்கம் முன்னால் துருத்தி நிற்கும். வானத்திலிருந்து பார்க்கும் எதிரி விமானத்துக்குக் கண்ணாடி மின்னக் கூடாது என்பதற்காகச் செய்த சாய்வு அது. பாடியை முழுக்க மாற்றி நாட்டு மரத்தில் கட்டியிருந்தாலும் இந்தக் கண்ணாடிச் சட்டம் மட்டும் சில வண்டிகளில் தப்பியிருக்கும்.

ஃபோர்டா செவர்லேயா என்று அறிய போனட்டைத் திறந்தால் போதும். ஃபோர்டில் பக்கத்துக்கு நாலாக வி வடிவத்தில் எட்டு சிலிண்டர், 239 கன அங்குலம். செவர்லேயில் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 216 கன அங்குலம். இன்ஜினையே மாற்றியிருந்தால்? அது அடிக்கடி நடந்ததுதான். 1950-களில் சென்னை சிம்ப்சன் கம்பெனியின் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்கள் வந்த பிறகு, பெட்ரோல் குடித்துத் தீர்த்த பழைய இன்ஜினைக் கழற்றி எறிந்தவர்கள் ஏராளம். அப்போது சேஸ், ஆக்சில், கேபின் மூன்றையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

மாதிரிப் பெயரைப் படிப்பது எளிது. எஃப் என்றால் ஃபோர்டு, சி என்றால் செவர்லே. அடுத்து வரும் 15, 30, 60 என்பவை சுமை அளவு, அந்தர் (112 பவுண்டு) கணக்கில். 60 என்றால் 3 டன். கடைசி எழுத்து வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரம்: எஸ் என்றால் 134 அங்குலம், எல் என்றால் 158. தடி ஏற்ற வந்தவை என்றால் சி60எல், எஃப்60எல் போன்ற நீள வண்டிகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கனடாவில் செய்த லாரிக்கு இந்தியாவில் என்ன வேலை?

1940-ல் டன்கிர்க்கிலிருந்து பின்வாங்கியபோது பிரிட்டிஷ் படை பிரான்சில் விட்டுவந்த வண்டிகள் 60 ஆயிரத்துக்கும் மேல். அந்தப் பள்ளத்தை நிரப்பியதில் கனடாவுக்குப் பெரிய பங்கு. போர் முடிவதற்குள் கனடா செய்த ராணுவ வண்டிகள் 8 லட்சத்தைத் தாண்டின. வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா என்று இந்தியப் படைகள் போன இடமெல்லாம் இவை போயின.

இந்தியாவுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஃபோர்டு இந்தியா 1926-ல் தொடங்கியபோதே கனடா ஃபோர்டின் கிளைதான். சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றிலும் வண்டி பூட்டும் ஆலைகள் இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து பம்பாய் சேவ்ரியில் பூட்டியது. ஆகவே வண்டிகள் மரப்பெட்டிகளில் பாகம் பாகமாக வந்து இங்கே பூட்டப்படுவது பழகிய வழி. ஃபோர்டு கனடா சேஸின் மேல் டாடா இரும்பாலையும் ரயில்வே பட்டறைகளும் கவச உடல் கட்டி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கவச வண்டிகளை இறக்கின. டாடாநகர் வண்டி என்று பெயர்.

‘கனடாவிலிருந்து நேரே வந்தது’ என்று எழுதும் முன் இதை நினைவில் வையுங்கள். பாகம் கனடா, பூட்டியது பம்பாய், பாடி வேறு ஊர் என்பதும் நடக்கும்.

ஸ்டீரிங் இடப்பக்கம் இருந்தால்?

அமெரிக்க வண்டியா என்று பாருங்கள். பின்னால் இரட்டை ஆக்சில் இருந்தால் ஜெனரல் மோட்டார்ஸின் ஜி.எம்.சி. இரண்டரை டன் அல்லது ஸ்டுடிபேக்கர் யூ.எஸ்.6. ஜி.எம்.சி. மட்டும் 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அசாமிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குப் போட்ட லெடோ சாலை வேலைக்கும் சீனாவுக்குப் பொருள் கொண்டுபோகவும் அசாம் வழியாக அமெரிக்க லாரிகள் குவிந்தன. 1945 ஜனவரி 12-ல் லெடோவிலிருந்து கிளம்பிய முதல் அணி 1,079 மைல் தாண்டி பிப்ரவரி 4-ல் சீனாவின் குன்மிங் சேர்ந்தது. இங்கே மிஞ்சியவை பற்றி 1946 மே மாதம் அமெரிக்காவும் இந்திய அரசும் ஒப்பந்தம் போட்டன. அப்புறம் ஏலம்.

பிற்பாடு ஸ்டீரிங்கை வலப்பக்கம் மாற்றியவர்கள் உண்டு. அப்படியானால் இடப்பக்கச் சேஸ் வெளிப்புறத்தில் கிரீஸ் மண்ணைச் சுரண்டிப் பாருங்கள். ஸ்டீரிங் பெட்டி இருந்த பழைய போல்ட் துளைகள் தெரியும்.

எண்களை எங்கே தேடுவது?

மூன்று இடம். டேஷ்போர்டிலோ இன்ஜின் மூடியிலோ அடித்த தகடு, சேஸின் முன்பகுதியில் குத்திய எண், இன்ஜின் பிளாக். தகடுதான் முதலில் காணாமல் போகும். பித்தளை அல்லவா!

பிளாக்கில் இரண்டு வகை எண்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குத்தியது வரிசை எண். வார்ப்பிலேயே புடைத்து நிற்பது பாகத்தின் எண்ணும் வார்த்த தேதியும். செவர்லே, ஜி.எம்.சி. பிளாக்குகளில் தேதி ஓர் எழுத்து, ஒரு நாள், ஆண்டின் கடைசி இலக்கம் என்று வரும். முதல் எழுத்து மாதம்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி, சி மார்ச். ‘சி 14 3’ என்றிருந்தால் மார்ச் 14, 1943. மண்ணெண்ணெயில் நனைத்த துணி, கம்பி பிரஷ், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த டார்ச். இவை போதும். நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து தெரியாது. சாய்த்தால் நிழல் விழுந்து எழும்பும்.

அந்தத் தேதி இன்ஜினுக்குத்தான், வண்டிக்கு அல்ல. போர்க்காலத்திலேயே ராணுவப் பட்டறைகள் இன்ஜின்களைக் கழற்றி, பழுது பார்த்து, கையில் கிடைத்த வேறு சேஸில் ஏற்றின. 1942 சேஸில் 1944 இன்ஜின் இருந்தால் யாரோ மோசடி செய்தார்கள் என்று பொருளில்லை.

பெயின்டைச் சுரண்டிப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் உளியால் அல்ல. தண்ணீர் போட்டுத் தேய்க்கும் நைஸ் உப்புத்தாள், உள்ளங்கை அகலத்துக்கு மேல் வேண்டாம். போனட்டின் பக்கவாட்டில் தொடங்குங்கள். மேலே லாரிக்காரர் அடித்த மஞ்சளோ நீலமோ போகும், அடியில் ரெட் ஆக்சைடு, அதற்கும் கீழே பச்சையோ பழுப்போ வட்டம் வட்டமாக விரியும். வெள்ளை தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள், அது ராணுவ எண்ணாகவோ சின்னமாகவோ இருக்கலாம். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் போட்டோ எடுங்கள். காய்ந்த பிறகு மங்கிவிடும்.

பிரிட்டிஷ் முறை எண் என்றால் ஓர் எழுத்தும் அதைத் தொடர்ந்து இலக்கங்களும். எல் என்றால் லாரி, இசட் என்றால் 15 அந்தர் டிரக், ஏ ஆம்புலன்ஸ், எச் பீரங்கி இழுக்கும் டிராக்டர். அமெரிக்க எண்ணில் தொடக்க இலக்கமே வகையைச் சொல்லும்; 4-ல் தொடங்கினால் இரண்டரை டன் வகுப்பு, 20 என்றால் ஜீப்.

மட்கார்டிலும் பின்பலகையிலும் டிவிஷன் சின்னம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். 4-ஆவது இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, 17-க்குக் கறுப்புப் பூனை, 7-க்குத் தங்க அம்பு. நம் பக்கம் குறிப்பாகப் பார்க்க வேண்டியது சீட்டுக்கட்டின் ஸ்பேட் ஏஸ். அது 25-ஆவது டிவிஷன். தென்னிந்தியாவைக் காக்க 1942-ல் பெங்களூரில் தொடங்கி, பிறகு பர்மாவின் அரக்கானில் சண்டையிட்டது.

பர்மாவில் ஓடிய வண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். நம்பலாமா?

விற்கிறவர் சொல்வதற்குத் தனி விலை உண்டு, அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள். 1942-ல் பர்மாவில் இருந்த வண்டிகளில் பெரும்பகுதி திரும்பவில்லை. அந்த மே மாதம் சிந்த்வின் ஆற்றங்கரை ஷ்வேஜினில் டாங்கிகளையும் லாரிகளையும் உடைத்துப் போட்டுவிட்டுத்தான் படை ஆற்றைக் கடந்தது. 1945-ல் ரங்கூன் வரை போனவற்றை மறுபடி கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து பழைய விலைக்கு விற்பதில் யாருக்கு லாபம்?

தென்னிந்தியாவில் ஏலம் போன லாரி தென்னிந்தியாவிலேயே ஓடியது என்பதுதான் முதல் ஊகமாக இருக்க வேண்டும். பயிற்சி முகாம், டிப்போ, துறைமுகம், விமானத்தளம் என்று இங்கேயே வேலை கொட்டிக் கிடந்தது. 1945 செப்டம்பரில் மலாயாவில் இறங்கிய, ‘ஜிப்பர்’ என்று குறிப்பெயர் வைத்த படைகள் இந்தியத் துறைமுகங்களிலிருந்துதான் கிளம்பின. அதற்குச் சரக்கு ஏற்றிய வண்டியாக இருந்தாலும் அது வரலாறுதான். துப்பாக்கிச் சத்தம் கேட்காத லாரிக்கு மதிப்புக் குறைவு என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சரி, ஆவணங்கள் எங்கே இருக்கின்றன? டெல்லியா, லண்டனா?

எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உற்பத்தியும் ஒப்பந்தமும் என்றால் ஒட்டாவாவில் உள்ள கனடா நூலக ஆவணக் காப்பகம். பாதுகாப்புத் துறைத் தொகுப்பு ஆர்.ஜி. 24, தளவாடத் துறைத் தொகுப்பு ஆர்.ஜி. 28. படைப்பிரிவு எங்கே இருந்தது என்றால் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகள். தென்கிழக்கு ஆசியாவுக்கு டபிள்யூ.ஓ. 172, மத்திய கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169. இந்திய அரசின் கடிதங்கள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில். ‘அபிலேக் படல்’ இணையத்தளத்தில் தலைப்பு வாரியாகத் தேடலாம்.

நாட்குறிப்பில் உங்கள் லாரியின் எண்ணே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘இத்தனை வண்டி வந்தது, இத்தனை பழுது’ என்பதுதான் வழக்கமான வரி. வண்டிக்கு ஒரு படைப்பிரிவைக் கட்டிவிட, பெயின்டுக்கு அடியில் கிடைக்கும் சின்னமோ, எண் தெரியும் ஒரு போட்டோவோ தேவை.

அமெரிக்க வண்டி என்றால் பாகப் பட்டியல் எண்கள் பெரிய உதவி: ஜி.எம்.சி.க்கு ஜி508, ஸ்டுடிபேக்கருக்கு ஜி630, டாட்ஜ் முக்கால் டன்னுக்கு ஜி502, ஜீப்புக்கு ஜி503. பட்டறையில் கிடக்கும் ஒரு பாகம் எந்த வண்டியுடையது என்று அறிய இவற்றை வைத்துத் தேடுங்கள்.

உள்ளூரில் எதுவும் கிடைக்காதா?

கிடைக்கும். எல்லையோரத்தில் எந்த ஊர் எப்போது யாரிடம் இருந்தது என்று தெரிந்தால்தான் கிடைக்கும். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. ஆகவே செங்கோட்டை மர வியாபாரி 1948-ல் வாங்கிய லாரிக்கு அனுமதி கொடுத்த காகிதம் சென்னையில் இருக்காது. திருவனந்தபுரத்தில் தேட வேண்டும். பாலக்காடு நேர் எதிர். அது அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா, அதனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் கோழிக்கோடு வட்டார ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் கொச்சி சமஸ்தானம், ஆகவே எர்ணாகுளம். தேவிகுளம், பீர்மேடு திருவிதாங்கூர்.

இன்றைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தென்காசியில் மனு போட்டு, ‘பதிவேடு இல்லை’ என்று பதில் வந்ததும் சோர்ந்துபோனவர்கள் பலர். பதிவேடு இல்லாமலில்லை, அது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

நம்பர் பிளேட்டும் பேசும். கே.எல்.க்யூ. என்றால் கொல்லம், கே.எல்.பி. என்றால் பாலக்காடு. கே.எல். என்று தொடங்கினாலே அது கேரளம் உருவான பிறகு போட்ட எண். அதற்கு முந்திய எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறதா பாருங்கள். ஏல விளம்பரங்களுக்கு 1946 முதல் 1950 வரையிலான பழைய நாளிதழ்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் தொடங்கலாம்.

தாத்தா ‘ரஷ்யாவுக்கு லாரி ஓட்டினேன்’ என்பாராம். கதைதானே?

கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1941 ஆகஸ்டில் பிரிட்டனும் சோவியத் யூனியனும் ஈரானுக்குள் நுழைந்த பிறகு, பாரசீக வளைகுடாவிலிருந்து வடக்கே சோவியத் எல்லை வரை ஒரு சரக்குப் பாதை திறந்தது. இந்திய ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவான ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. கம்பெனிகள் அதில் லாரி ஓட்டின. அந்தப் பணிக்காக 1944-ல் சோவியத் அரசு சுபேதார் நாராயண ராவ் நிக்கம், ஹவில்தார் கஜேந்திர சிங் ஆகிய இருவருக்குச் செந்நட்சத்திர விருது கொடுத்தது.

சரக்கு மட்டுமல்ல, லாரிகளே அந்த வழியாகப் போயின. அந்திமேஷ்க், கொரம்ஷகர் இரண்டு இடத்திலும் அமெரிக்கர்கள் பெட்டியில் வந்த லாரிகளைப் பூட்டி, வடக்கே அனுப்பினார்கள். அமெரிக்கா சோவியத்துக்குக் கொடுத்த லாரியும் ஜீப்புமாகச் சுமார் 4 லட்சம். அவற்றில் ஸ்டுடிபேக்கர் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். சோவியத்தின் கத்யூஷா ராக்கெட் ஏவியை ஸ்டுடிபேக்கரின் முதுகில்தான் பெருமளவில் ஏற்றினார்கள். அந்த ஊர் சிப்பாய்க்கு அது வெறும் ‘ஸ்டுதர்’.

தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் கம்பெனி எண்ணும் ‘பைஃபோர்ஸ்’ என்ற சொல்லும் இருக்கிறதா பாருங்கள். அது பாரசீக-ஈராக் படையின் பெயர். சர்வீஸ் விவரத்துக்கு வாரிசு என்ற முறையில் பெங்களூரில் உள்ள ஏ.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதலாம். படை எண் இல்லாமல் எழுதினால் பதில் வருவது கடினம்.

எதிரியிடம் சிக்கிய வண்டிகள் என்னவாயின?

ஓட்டப்பட்டன. ஜெர்மானியர்கள் பிடித்த வண்டியின் பெயருக்குப் பின்னால் எந்த நாட்டுடையது என்று ஓர் எழுத்தைச் சேர்த்துத் தங்கள் பட்டியலிலேயே ஏற்றிவிட்டார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியர் கையில் ஏராளமான பிரிட்டிஷ் வண்டிகள் சிக்கின. ஓட்ட அவர்களுக்குச் சிரமமில்லை. 1920-களிலிருந்தே யோகோஹாமாவில் ஃபோர்டும் ஒசாகாவில் ஜெனரல் மோட்டார்ஸும் வண்டி பூட்டிய நாடு அது. ஆகவே ஒரு போட்டோவில் ஜப்பானியச் சிப்பாய் செவர்லே லாரியில் இருந்தால், அது பிடித்ததா வாங்கியதா என்று முதலில் ஸ்டீரிங்கையும் கேபினையும் பாருங்கள்.

போருக்குப் பிறகும் வேறு ராணுவங்களில் இவை ஓடினவா?

ஓடின. பிரெஞ்சுக்காரர்கள் ஜி.எம்.சி.யை இந்தோசீனப் போரில் அடித்து ஓட்டி, அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார்கள். நார்வே, நெதர்லாந்து ராணுவங்களில் கனடா வண்டிகள். இன்று இணையத்தில் ‘இரண்டாம் உலகப் போர் லாரி’ என்று சுற்றும் கலர் படங்களில் பல இப்படிப் பிற்காலத்தவை.

பழைய மேஸ்திரிகளிடம் எப்படிக் கேட்பது?

வருடத்தைக் கேட்காதீர்கள். ‘அண்ணாச்சி, இது எந்த வருஷத்து வண்டி?’ என்றால் ஏதோ ஒரு வருடம் வரும். ‘அண்ணாச்சி, இதுக்கு கிரவுன் பினியன் எங்க வாங்குவீங்க?’ என்று கேளுங்கள். ‘உக்கடத்துல கிடைக்கும்’, ‘புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்புவோம்’, ‘இதுக்கு அதைக் கடைஞ்சு போட்டோம்’ என்று உண்மை கொட்டும். எந்தப் பாகம் எதோடு பொருந்தியது என்பது கைக்கு மறப்பதில்லை. புனலூர் பக்கம் போனால் ‘சேட்டா’ என்று கூப்பிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். தமிழிலேயே பதில் வர நிறைய வாய்ப்புண்டு.

இன்னொரு நல்ல கேள்வி: ‘வாங்கும்போது என்ன கலரில் இருந்தது, யார் பெயரில் இருந்தது?’ ராணுவத்துக்கும் மர வியாபாரிக்கும் நடுவில் வனத்துறையோ பஸ் முதலாளியோ இருந்திருந்தால் அதில்தான் வெளிவரும்.

ரெஸ்டோர் செய்து போனட்டில் நேச நாட்டுப் படைகளின் வெள்ளை நட்சத்திரம் வரையலாமா?

வண்டி உங்களுடையது. ஆனால் ஆதாரம் இல்லாமல் டிவிஷன் சின்னம் வரைவது பிறர் சர்டிபிகேட்டில் நம் பெயரை எழுதுவது மாதிரி. அடியில் கிடைத்த பழைய எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டுப் புது நட்சத்திரம் போட்ட வண்டியையும் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

கிடைத்ததையெல்லாம் எப்படி எழுதி வைப்பது?

ஒரு நோட்டில் இரண்டு பத்தி. ஒன்றில் இரும்பில் கண்டது: எண், வார்ப்புத் தேதி, பெயின்ட் அடுக்கு, எடுத்த போட்டோவின் தேதி. இன்னொன்றில் காதில் கேட்டது: சொன்னவர், அவருக்கும் வண்டிக்கும் என்ன தொடர்பு. இரண்டையும் கலக்காதீர்கள். காப்பகத்திலிருந்து காகிதம் வந்தால் மூன்றாவதாக ஒட்டுங்கள். ஒரு நகல் வண்டிக்காரரிடம் இருக்கட்டும், ஆர்.சி. புத்தகத்தோடு ஒரே பாலிதீன் கவரில். வண்டியை எடைக்குப் போடும் நாள் வந்தால், சேஸ் எண் குத்திய முன்துண்டை மட்டும் கேஸ் கட்டரால் வெட்டி எடுத்துத் தரச் சொல்லி இப்போதே பேசி வையுங்கள். அப்போது போய்க் கேட்டால் அது லாரியில் ஏறியிருக்கும்.